கொடுத்த வான்கோழியைப் பார்க்க வருகிறவர்

கஞ்சர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கேட்டால் இல்லை என்பார்கள். விஷயம் அத்தோடு முடிந்துவிடும். நீங்களும் வேறு வீட்டுப் படலையைத் தட்டப் போய்விடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனத்தைப் பற்றி. இவர்கள் கேட்காமலே கொடுப்பார்கள். மனம் நிறையக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள்.

உங்களுக்கும் இவர்களைத் தெரியும். கலியாணத்துக்கு மணிக்கூடு ஒன்றைப் பரிசளித்துவிட்டு, அதன்பின் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்ற முன்பே சுவரைப் பார்க்கிறவர், கனடாவிலிருந்து ஒரு சேலை அனுப்பிவிட்டு, ஊரில் எந்தக் கொண்டாட்டத்துப் படம் வந்தாலும் அதில் உங்கள் முகத்தைத் தேடாமல் உங்கள் சேலையைத் தேடுகிறவர், தோடம்பழக் கன்று ஒன்றைத் தந்துவிட்டு, நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு ஓடோடி வந்து, "கண்டுக்கு ஆர் தண்ணி விடுகினம்?" என்று கேட்கிறவர். பொருள் உங்கள் வீட்டில் இருக்கும். உரிமை அவர்கள் வீட்டில் இருக்கும்.

யாழ்ப்பாணத்து இணுவிலில், கந்தசாமி கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றாகக் கேட்கிற ஒரு ஒழுங்கைக்குள் குடியிருக்கும் நதானியேல், இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்டவர். ஒரு திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். மனைவி மக்டலீன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். எதையும் ஒருமுறைதான் சொல்வார், கேட்டால் கேட்டது, விட்டால் விட்டது. ஓய்வுபெற்ற வருடத்தில் நதானியேல், யேசு பிறந்த நத்தார் விருந்துக்கென்று சில வான்கோழிக் குஞ்சுகளை வாங்கிப் பின்வளவில் விட்டார். நத்தார் வந்தது. நத்தார் போனது. வான்கோழிகள் போகவில்லை.

இப்போது அவரிடம் மூன்று பேடுகளும் ஒரு சேவலும் இருந்தன. சேவலுக்குத் துரை என்று பெயர். வாலை விசிறியாக விரித்து, செட்டைகளை நிலத்தில் உரசி, நீலத் தலையில் தொங்குகிற சிவப்புத் தசையை ஆட்டிக்கொண்டு, கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் நடப்பதுபோல வளவைச் சுற்றி வரும். எந்தச் சத்தத்துக்கும் மறுமொழி சொல்லாமல் விடாது. கோயில் மணிக்கு ஒரு கொளகொள. தேவாலய மணிக்கு ஒரு கொளகொள. பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் பாட்டு முடியும்வரை கொளகொள. எந்தச் சமயத்துக்கும் எந்தத் தொழிலுக்கும் பாகுபாடு காட்டாத பறவை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். நதானியேலுக்குத் தொழில் தெரியும். வான்கோழிக் குஞ்சு மற்றக் கோழிக்குஞ்சு மாதிரி அல்ல. நனைந்தால் சாகும், குளிர்ந்தால் சாகும், ஊர்க்கோழியோடு சேர்த்து விட்டால் வருத்தம் தொற்றிச் சாகும், முன்னால் சாப்பாடு இருந்தாலும் அது சாப்பாடு என்று தெரியாமல் சாகும். விரலால் தட்டித் தட்டித் தின்னக் காட்டவேண்டும். அந்தப் பொறுமை நதானியேலிடம் இருந்தது. அவிச்ச முட்டையை மசித்து, வெங்காயத்தாளைப் பொடியாக வெட்டிக் கலந்து, குந்தியிருந்து மணிக்கணக்காகத் தட்டிக்கொண்டிருப்பார். தன் பிள்ளைகளுக்கு அவர் இப்படிச் சோறூட்டியதை மக்டலீன் கண்டதில்லை.

வளர்த்த குஞ்சுகளை அவர் விற்கமாட்டார். விலை கேட்டால் முகம் சிவந்துவிடும். "காசோ? உங்களிட்டைக் காசு வாங்கவோ நான் வளர்க்கிறன்? கொண்டு போங்கோ!" அந்தோ, அங்கேதான் மனிதர்கள் அகப்பட்டார்கள். காசு கொடுத்து வாங்கியிருந்தால் குஞ்சு அவர்களுடையதாகியிருக்கும். சும்மா வாங்கியதால், குஞ்சோடு நதானியேலும் கூடவே வந்தார்.

தேவாலயத்தில் மணியடிக்கும் பிலிப்பு அப்படி ஒரு சோடி வாங்கியவன். நதானியேல் தினமும் சைக்கிளில் போய்ப் பார்த்து, தீன் மாற்றி, கூடு கட்டுவதற்குத் தன் கையாலேயே அளவுகளும் வடக்குத் திசை காட்டும் அம்புக்குறியும் போட்டு ஒரு வரைபடம் கீறிக் கொடுத்தார். டிசம்பர் கடைசி நாளும் போனார். ஒரு பறவைதான் நின்றது.

"மற்றது எங்கை?"

"புதுவருசத்துக்கு அடிச்சாச்சு அண்ணை," என்றான் பிலிப்பு. "உங்களுக்கும் ஒரு கிண்ணத்திலை எடுத்து வைச்சனான்."

"உவன் என்ரை குஞ்சைத் திண்டுபோட்டான்" என்று வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தவர், புதுவருட ஆராதனைக்கும் போகவில்லை. போனால் மணியடிப்பவன் பிலிப்பு அல்லவா? மக்டலீன் மட்டும் போய், வரும்போது கிண்ணத்தையும் வாங்கி வந்தார். நல்ல கறி என்றார். ஒருமுறைதான் சொன்னார்.

இதற்குப் பிறகுதான் நதானியேலின் கண் பக்கத்து வளவில் விழுந்தது. அங்கே குணலட்சுமி குடியிருந்தாள். வீட்டிலேயே தையல் தைக்கிறவள். கணவன் நமசிவாயம் தோட்டக்காரன். புகையிலையோடும் மரவள்ளியோடும் பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேசாதவன். நதானியேல் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் இல்லை. திருவிழாக் காலத்தில் இல்லை. விரத நாட்களில் இல்லை. குஞ்சுகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான வீடு கிடைக்குமா? ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

குணலட்சுமிக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் மறுநாள் விடிய வரைக்கும் இருந்தது.

"பிள்ளை, வரலாமோ?" என்று கேட்கும்போதே நதானியேல் படலையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கூட்டடியில் குந்தியிருப்பார். பிறகு விசாரணை.

"எச்சம் பாத்தனியே?"

"இல்லை அண்ணை. ஒரு பிளவுஸ் அவசரமாய்த் தைச்சுக் குடுக்கவேணும். பத்து மணிக்கு வந்திடுவினம்."

"பிளவுஸ் பிறகும் தைக்கலாம் பிள்ளை. எச்சம் பிறகு பாக்க ஏலாது."

தண்ணீர்ப் பேணி ஆழம் என்பார். கூட்டின் வாசல் வாடைக் காற்றைப் பார்த்து நிற்கிறது என்று தானே தூக்கித் திருப்புவார். மறுநாள் மூலை இருட்டு என்று மறுபடி திருப்புவார். வெங்காயத்தாளை இவ்வளவு பெரிதாக வெட்டினால் தொண்டையில் சிக்கும் என்று சொல்லி, விறாந்தையில் கைக்கு எட்டிய கத்தரிக்கோலை எடுத்துப் பொடிப்பொடியாக வெட்டிக் காட்டினார். அது பட்டுத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். தையல்காரியின் கத்தரிக்கோலால் கடதாசி வெட்டினாலே வீட்டில் மூன்று நாள் கதைபேச்சு நின்றுவிடும். வெங்காயத்தாள்! குணலட்சுமி வாயில் வைத்திருந்த குண்டூசியை விழுங்காமல் விட்டது முருகன் செயல்.

அவளும் தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். "குஞ்சுகள் நித்திரை அண்ணை" என்றாள். "எழும்பட்டும், இருக்கிறன்" என்று அவர் இருந்தார். படலைக்குக் கொளுக்கி போட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சீமெந்துக் கல்லை வைத்து ஏறி நின்று, கழுத்துக்கு மேலே மட்டும் தெரிய, "தவிடு கனக்கப் போடாதை பிள்ளை!" என்றார். குஞ்சுகள் வளர்ந்து, சேவல் முதன்முதலாக வால் விரித்த நாளில் அவர் மதிலுக்கு மேலாலேயே கைதட்டினார். உடைகள் தைக்கக் கொடுக்க வருகிற பெண்களிடம், "உது ரெண்டும் என்ரை குஞ்சுகள்" என்று அறிமுகம் செய்தார். அவர்களும் குணலட்சுமியை, பாவம், நதானியேல் ஐயாவின் கோழியைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை என்றே எண்ணத் தொடங்கினார்கள்.

இதெல்லாம்கூடப் போயிருக்கும். ஆனால் லண்டனிலிருந்து நதானியேலின் மைத்துனரும் மனைவியும் வந்தார்கள்.

நதானியேல் தன் வளவைக் காட்டினார். துரையைக் காட்டினார். பிறகு, "அடுத்த தலைமுறையைப் பாக்கேல்லையே?" என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் இருவரையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப் பக்கத்து வளவுக்குள் நுழைந்தார். பின்னேரம். குணலட்சுமி கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு நின்று, உடம்பெல்லாம் சவர்க்காரம் போட்டு, முதல் வாளித் தண்ணீரை அள்ளப் போனவள், ஆள் சத்தம் கேட்டு வாழைகளுக்குப் பின்னால் பாய்ந்தாள். நதானியேல் அவளைக் காணவில்லை. அவர் கண்ணுக்கு வான்கோழிகள்தான் தெரிந்தன. குஞ்சுப் பருவத்துத் தீனியிலிருந்து தொடங்கி, இறகு முளைக்கும் வரிசை, செட்டை அகலம், குணநலம் என்று விளக்கிக்கொண்டே போனார். மைத்துனர் சந்தேகம் கேட்டார். மைத்துனர் மனைவி வீடியோ எடுத்தார். சேவல் ஆட, அதை ஆடவிட்டு மறுபடியும் எடுத்தார். வாழைகளுக்குப் பின்னால் சவர்க்காரம் காய்ந்து தோல் இழுத்தது. நுளம்புகளுக்கு அது திருவிழா.

பொழுதுபட நமசிவாயம் வந்தான். இரண்டு கமக்கட்டுக்குள்ளும் ஒவ்வொரு வான்கோழி.

"இந்தாங்கோ அண்ணை."

நதானியேல் பதறிப்போனார். "என்ன, வருத்தமோ?"

"இல்லை. சுகமாய் இருக்குதுகள். நீங்களே வைச்சிருங்கோ."

"நமசிவாயம்! குடுத்ததைத் திருப்பி வாங்கிற ஆளோ நான்?"

"அப்ப இது ஆரின்ரை?"

"உங்கடைதான். அதிலை என்ன சந்தேகம்?"

"எங்கடையெண்டால் இனிப் பாக்க வராதேங்கோ," என்றான் நமசிவாயம், குரலை உயர்த்தாமல். "உங்கடையெண்டால் உங்கடை கூட்டிலை விடுங்கோ. ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ. எனக்குக் கை உளையுது."

நதானியேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மக்டலீன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்று அந்த அரிசியில் கல் மிகுதி போலிருந்தது. நதானியேல் சேவலைப் பார்த்தார். கையை நீட்டி அதன் தலையைத் தடவப் போனவர், பாதியில் இழுத்துக்கொண்டார்.

"கொண்டு போ," என்றார்.

சிரிக்காதீர்கள். அந்த மனிதருக்கு உண்மையாகவே நெஞ்சு நொந்தது. தான் என்ன பிழை செய்தோம் என்று அவருக்கு விளங்கவேயில்லை. நல்லது செய்தவனைப் படலையில் மறித்துவிட்டார்கள் என்பதுதான் அவர் கண்ட உண்மை. சீமெந்துக் கல்லை மதிலடியிலிருந்து எடுத்தார். ஆனாலும் காலும் காதும் சொற்கேட்பதில்லை. சாரத்தை இறுக்கிக் கட்டுகிற சாட்டில் மதிலோரம் போய் நிற்பார். அந்தப் பக்கத்துச் சேவல் கூப்பிட்டால் முகம் மலரும். கூப்பிடாவிட்டால் தேத்தண்ணீர் இறங்காது. மாரி மழை கொட்டிய நாட்களில் அவர் நிலைகொள்ளவில்லை.

"கூட்டுக்கு மேலை தறப்பாள் போட்டவையோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருமன்."

"கேக்கமாட்டன்," என்றார் மக்டலீன்.

மாரி போய், பேடுகள் முட்டையிடும் காலம் வந்தது. நதானியேலின் மூன்று பேடுகளும் இட்டன. ஒன்று அடைகிடந்தது. நாலு கிழமை முழுக்க அது கிடக்க, ஒரு ஓடும் உடையவில்லை. சாமான் அறைக்குள் கொண்டுபோய் ஒவ்வொரு முட்டையாக டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கருவின் நிழல் இல்லை. யன்னல் கண்ணாடிபோல வெளிச்சம் தாராளமாக ஊடுருவியது. எல்லாம் கூழ்முட்டை. குற்றவாளி துரை. பிலிப்புவாலும் நமசிவாயத்தாலும் மனம் நொந்த நதானியேல், பாசத்தையெல்லாம் தீனாக்கித் துரைக்கே ஊட்டியதில், அது குடும்பப் பொறுப்புகளைக் கவனிக்கிற எடையை எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. வால் விரிக்கும். கொளகொள என்னும். அவ்வளவுதான் முடியும். கூட்டத் தலைவர்களில் இப்படிப் பலரை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

முட்டைகளை எடுத்துப் புதைத்தாயிற்று. பேடு எழும்பவில்லை. வெறும் நிலத்தில் கிடந்தது. கூட்டை மாற்றிப் பார்த்தார்; பழைய இடத்துக்கே போய்க் கிடந்தது. கடகத்தால் மூடினார், கடகத்துக்குள் கிடந்தது. ஒரு சிரட்டையை எங்கிருந்தோ உருட்டி வந்து அதன்மேல் கிடந்தது. தீனைக் கிட்டக் கொண்டுபோய் விரலால் தட்டினார், குஞ்சுக்குத் தட்டுவதுபோல. தலையைத் திருப்பிக்கொண்டது. நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்தியது. தலை வெளிறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. குணலட்சுமியின் பேடு குஞ்சு பொரித்துவிட்டது.

"அதுக்குக் குஞ்சு வேணும்," என்றார் மக்டலீன். "பக்கத்திலை இருக்குது."

"நான் என்னெண்டு போறது?"

மக்டலீன் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

நதானியேல் சேட் மாற்றினார். ஒழுங்கைக்குள் இறங்கி, சொல்லவேண்டியதை மனதுக்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். படலைக்கு வெளியே நின்றார். தட்டினார். தையல் மெஷின் நின்றது.

"ஆர்?"

"நான்… நதானியேல்."

சொல்லிவிட்டு உள்ளே போகாமல் நின்றது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். குணலட்சுமி வந்து பார்த்தாள். அவர் தயாரித்து வைத்த பேச்சு எங்கேயோ போய்விட்டது.

"சாப்பிடுதில்லை பிள்ளை," என்றார். "வெறும் நிலத்திலை கிடக்குது. செத்துப்போம்."

என்ன சாப்பிடுவதில்லை என்று அவள் கேட்கவில்லை. மதில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதுதானே. உள்ளே போனாள். நூற்கட்டைப் பெட்டிக்குள் துணி விரித்து, குஞ்சுகளை வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நாலு காணுமோ அண்ணை?"

"நாலோ!" நதானியேல் இரண்டு கையையும் நீட்டினார்.

"ஒண்டுக்குக் கால் கொஞ்சம் வளைவு. ஆனால் நல்லாய்த் தின்னும்."

அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். போகவில்லை.

"என்ன அண்ணை?"

"இல்லை… என்ன தீன், என்னெண்டு பாக்கிறதெண்டு ஒண்டும் சொல்லேல்லை."

"உங்களுக்குத் தெரியாததே?" என்றாள் குணலட்சுமி. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பேட்டின் வயிற்றுக்குக் கீழே தள்ளினார். கையைக் கொத்தியது. இரத்தம் வந்தது. இரண்டாவதையும் தள்ளினார். மூன்றாவதுக்குக் கொத்தவில்லை. நாலாவது உள்ளே போனதும், அதுவரை அவர் எந்த வான்கோழியிடமும் கேட்டிராத ஒரு சின்னச் சத்தம், தொண்டைக்குள்ளேயே சுற்றுகிற சத்தம், அதனிடமிருந்து வந்தது. செட்டைகளை அகட்டி அமர்ந்தது. விடிய அவர் போய்ப் பார்த்தபோது அது எழும்பி நின்று, சொண்டால் தீன் தட்டைத் தட்டித் தட்டிக் குஞ்சுகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இடையிடையே தானும் தின்றது. நதானியேல் சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்தார். தவிடு பறந்ததாம்.

பிறகு ஓடிப்போய் முகம் கழுவினார். முற்றத்தைக் கூட்டினார். தண்ணீர்ப் பேணியின் ஆழத்தைச் சரிபார்த்தார். "இஞ்சேரும், குணம் வருவாள், தேத்தண்ணி போடும்" என்றார். வாசலில் கதிரை போட்டு இருந்தார். எத்தனை கேள்வி வரும், எத்தனைக்கு மறுமொழி சொல்லவேண்டும் என்று ஒருவித பயமும் இருந்தது. தான் கொடுத்த காலத்தில் தானே போய்க் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன.

குணலட்சுமி வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அடுத்த கிழமை ஒழுங்கையில் கண்டாள். "மகள் எப்ப வாறா அண்ணை?" என்று கேட்டாள். "வெயில் கொதிக்குது என்ன?" என்றாள். போய்விட்டாள். குஞ்சு என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. நதானியேல் வீட்டுக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"ஒரு சொல் கேக்கேல்லை மக்டலீன்! உயிரோடை இருக்கோ எண்டுகூடக் கேக்கேல்லை!"

"குடுத்திட்டாள். முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ? எப்பிடி முடியும்? நாலு உயிரெல்லே!"

அன்றிரவு முழுக்க அவர் யோசித்தார். படவரைஞரின் மூளை, எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி கீறாமல் விடாது. அவளுக்குக் கேட்கத் தெரியாவிட்டால் என்ன? விடிய அவர் போனார். படலையில் தட்டினார், அந்த மரியாதையை இப்போது விடுவதில்லை. பிறகு உள்ளே போய் விறாந்தைப் படியில் நின்று அறிவித்தார்:

"பிள்ளை, உன்ரை குஞ்சுகள் நாலும் சுகம். வளைஞ்ச கால் நேராகுது. எச்சம் கட்டியாய்ப் போகுது."

குணலட்சுமி மெஷினை நிறுத்தினாள். "அண்ணை, அது உங்கடை குஞ்சுகள்."

"நீ தந்ததெல்லே! உனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்றது?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தாலும் வருவார், வாங்கினாலும் வருவார் என்கிற உண்மை அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்திருக்கவேண்டும். கோபம் வருமென்று தானும் நினைத்தாள், வந்தது சிரிப்பு. குனிந்து துணியைச் சரிசெய்கிற பாவனையில் சிரித்தாள். தோட்டத்துக்குப் புறப்பட்டு நின்ற நமசிவாயம், மண்வெட்டியைத் தோளில் போட்டபடி, "அண்ணைக்கு ஒரு கதிரையை எடுத்துப் போடு," என்றான்.

இப்போது தினமும் காலையில் நதானியேல் அந்தக் கதிரையில் இருந்து நாலு குஞ்சுகளின் நலனையும் விபரமாகச் சொல்கிறார். குணலட்சுமி பெடலிலிருந்து காலை எடுப்பதில்லை. சொல் கேட்காத இடத்திலும் "ஓம் அண்ணை" என்கிறாள். அவர் திருப்தியோடு எழும்பிப் போகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது உங்கள் மனதில் ஒருவர் வந்து நிற்கிறார் அல்லவா? ஒரு அத்தை, ஒரு சகலன், பழைய வகுப்புத் தோழர் ஒருவர்? அவருக்கு இதை உடனே அனுப்பவேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. தாராளமாக அனுப்புங்கள். அனுப்பிவிட்டு அவர் பார்த்தாரா என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள். அது மனித இயல்பு. இரண்டாம் தரமும் பாருங்கள். நாளை விடிய, "வாசிச்சனீங்களோ? எந்த இடம் வரைக்கும் வந்தனீங்கள்?" என்று அவரிடம் கேட்க வாயெடுக்கும்போது மட்டும், தயவுசெய்து, படலைக்கு வெளியே நின்று கேளுங்கள்.